தன்பா சுப்சிடி

என் மாமா கெர்லிங்கில் இருக்கிறார். அம்மாவுக்கு அண்ணன். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, வேலையும் வீடும் ஒரே நாளில் முடிந்துபோன பிறகு, ரவாங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் பழைய சாலையை ஒட்டிய ஒரு சின்ன வாடகை வீட்டுக்குக் குடிவந்தார். எழுபதைத் தாண்டியும் மோட்டாரை விடவில்லை. காலையில் பசியாற, கோயிலுக்கு, கோல குபு பாருவில் மருந்து வாங்க, துக்க வீட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய ஹோண்டாதான்.

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி பூடி95 திட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் தொடங்கியது. மைகார்டைக் கருவியில் நுழைத்தால் ரோன்95 எண்ணெய் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. மற்றவர்களுக்கு அப்போது 2 வெள்ளி 60 காசு. அந்த முதல் வாரத்தில் மாமாவோடு எண்ணெய் ஊற்றப் போயிருந்தேன். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த ஐசியை எடுத்து நீட்டினார். சிவப்பு. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். அட்டையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. "மாஃப் யா பாக்சிக், இனி தன்பா சுப்சிடி" என்றாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "என்னடா சொல்றா? தான்பா சப்சிடியா? சரியாத்தான் சொல்றா. நான்தான்பா சப்சிடி!"

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். அந்தப் பெண்ணும் என்னவென்று புரியாமலே சிரித்து வைத்தாள். நான் மெதுவாக, "என் ஐசில அடிச்சிக்கலாம் மாமா. முந்நூறு லிட்டர் எனக்கெதுக்கு?" என்றேன். அப்படிச் செய்யலாமா கூடாதா என்று யோசிக்கவில்லை. அவர் யோசித்திருந்தார். "அது ஒன் கணக்குடா மாப்ள. நான் காசு கட்டியே ஊத்திக்கிறேன்."

நான்கு லிட்டருக்கு வித்தியாசம் 2 வெள்ளி 44 காசு. ஒரு தே தாரிக் விலை. அதற்காக ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். எனக்கு அந்தக் காசைவிட அந்தச் சொல்தான் உறுத்தியது. 'தன்பா சுப்சிடி.' நம் நாளிதழ்களில் 'மானியமில்லாத', 'மானியமற்ற' என்று வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளாக இந்தச் சொல் நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. 2023 நவம்பரில் கோழிக்கு மானியம் நின்றது. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. 2025 ஆகஸ்டில் முட்டை. மளிகைக் கடையில் சமையல் எண்ணெய் கேட்டால், "சப்சிடி பாக்கெட் முடிஞ்சிருச்சுக்கா, சப்சிடி இல்லாத போத்தல்தான் இருக்கு" என்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனை நிற்கும் ஊரில் ஒரு கிலோ எண்ணெய் பாக்கெட்டுக்கு இந்தப் பாடு.

ஒரு பொருளை அதில் இல்லாததைக் கொண்டு அழைப்பது விசித்திரமான பழக்கம். சீனி இல்லாத காப்பி என்று சொல்லும்போதே காப்பி என்றால் சீனி இருக்கும் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அப்படிப் பார்த்தால் மானியமில்லாத எண்ணெய் என்பது குறைபட்ட எண்ணெய். மானியம் இருப்பதே இயல்பு. ஆனால் அரசாங்கமும் பொருளாதாரம் படித்தவர்களும் இதே சொல்லை நேர் எதிராகப் புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு மானியமில்லாத விலை என்பதுதான் அசல் விலை, உண்மையான விலை. மானியம் என்பது அதன்மேல் போர்த்திய துணி. துணியை விலக்கினால் பொருளின் மெய்யான உடம்பு தெரியும் என்பது நம்பிக்கை. "இவ்ளோ நாளா நாம உண்மை வெலையே குடுக்கல தெரியுமா?" என்று என் நண்பர் ஒருவர் ஏதோ திருட்டில் பிடிபட்டவர்போலச் சொன்னார். எனக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம். எந்தப் பொருளுக்காவது யாருமே தாங்காத விலை என்று ஒன்று இருக்கிறதா?

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மானியம் என்பது 'மான்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது, மரியாதை செய்யத்தக்கது என்று பொருள். மானம், மரியாதை என்று நாம் சேர்த்துச் சொல்கிறோமே, அந்த மானத்தின் உறவுக்காரச் சொல். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மானியம் என்றால் வரியில்லாமலோ குறைந்த வரியிலோ அனுபவிக்க விடப்பட்ட நிலம். கோயிலுக்கு மானியம், பூசாரிக்கு மானியம், காவல்காரருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் ஊழிய மானியம். அதாவது ஊருக்கு ஒருவர் செய்த வேலைக்கு ஊர் கொடுத்த பதில்தான் மானியம். அதை வாங்கியவர் கையேந்தியதாக யாரும் நினைக்கவில்லை. பெயரே மதிப்பு. அதற்கும் முன்னால், சோழர் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட நிலத்துக்கு 'இறையிலி' என்று பெயர். இறை என்றால் வரி. வரி இல்லாதது இறையிலி. இதுவும் ஓர் 'இல்லாத' சொல்தான். ஆனால் இறையிலி நிலத்தை உழுதவர் எதையும் கொடுக்காமல் இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அரசனுக்குப் போக வேண்டியது கோயிலுக்குப் போனது. உழுதவர் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். கல்வெட்டில் கொடையாளியாக அரசன் பெயர் இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் கதை இன்னும் தலைகீழ். சப்சிடியின் மூலமான இலத்தீன் சொல்லுக்குப் பின்னால் காத்து நிற்கும் துணைப்படை என்று பொருள். இடைக்கால இங்கிலாந்தில் சப்சிடி என்றால், நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து மக்களிடம் திரட்டி மன்னருக்குக் கொடுத்த வரிப்பணம். குடிமக்கள் அரசுக்குக் கொடுத்ததற்குப் பெயர் சப்சிடி. இன்று அரசு குடிமக்களுக்குக் கொடுப்பதற்கு அதே பெயர். திசை திரும்பிவிட்டது, சொல் மட்டும் அப்படியே நிற்கிறது.

நம் திட்டத்தின் பெயரான பூடியும் நமக்குத் தெரிந்த சொல்தான். நம் 'புத்தி'யே கடல் தாண்டி மலாயில் 'பூடி' ஆனது. ஆனால் இங்கே அதற்குப் பொருள் நற்பண்பு, செய்த உபகாரம். 'ஹுத்தாங் பூடி' என்றால் செய்ந்நன்றிக் கடன். காசுக் கடனைத் தீர்க்கலாம், இதைத் தீர்க்க முடியாது என்பது மலாய் மரபு. ஆக, சொல்லின் அளவில் பார்த்தால், மைகார்டை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஓர் உபகாரத்துக்குக் கடன்படுகிறோம். அந்தக் கடனுக்குள் சேர்க்கத் தகுதி இல்லாதவர் என் மாமா.

மாமா 1953-இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அம்மா 1959-இல் அதே லயத்தில், அதே மருத்துவச்சி கையில் பிறந்தவர். 1957 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்ததால் அம்மா சட்டப்படியே குடிமகள் ஆனார். மாமாவுக்காக யாராவது மனுப் போட்டிருக்க வேண்டும். தாத்தா பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்லித் தர வேண்டியவர்கள் சொல்லித் தரவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கவே பெர்மிட் வேண்டும் என்று ஆனபோதுதான் அந்த அட்டையின் நிறம் என்னவென்று தோட்டத்துக்குப் புரிந்தது. 2018-இல் அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்கார இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவதாக அரசு அறிவித்தபோது மாமாவும் போனார். ஏதோ ஒரு பத்திரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். பிறகு போகவில்லை.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். 'நான்தான்பா சப்சிடி.' அவர் சும்மா சொன்னதுதான். எனக்கு அது சும்மா முடியவில்லை.

பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தாலோ கோப்பையில் தண்ணீர் சேர்ந்து பால் கெட்டுவிடும். கால்வாசி நாள் உழைப்பு காட்டிலேயே போகும். லண்டனில் ரப்பரின் விலையை எழுதியவர்கள் இந்த மழையை எந்தப் பத்தியில் எழுதினார்கள்? எதிலும் இல்லை. அதைப் பாட்டி கடைக் கடனாக எழுதிக்கொண்டாள். மழைக்காலத்தில் கடைக்காரரின் கொப்பியில் எங்கள் குடும்பத்தின் பக்கம் நீண்டுகொண்டே போகும். கம்பெனியின் நட்டத்தில் ஒரு பகுதியைப் பாட்டி தன் அடுப்பில் வைத்துத் தாங்கினாள் என்றால், அதற்குத் தமிழில் என்ன பெயர்? நான் மானியம் என்பேன். மழையை மட்டும் சொன்னேன். பேரேட்டில் பெயரே ஏறாமல் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டிப்பால் பொறுக்கிய பிள்ளைகளின் கைகளும் இருக்கின்றன. மாமாவின் கை அதில் ஒன்று. மலாயா ரப்பர் உலகச் சந்தையில் மலிவாக இருந்ததற்குக் காரணம் தேடுகிறவர்கள் மண்ணையும் மரத்தையும் சொல்வார்கள். ஓரளவு சரிதான்.

இதே கணக்கு கப்பலிலும் நடந்தது. இது எங்கள் குடும்பத்துக்குள் ஒரு பழைய சண்டை. அப்பா வழித் தாத்தா நாகப்பட்டினத்தில் சொந்தக் காசு கொடுத்துக் கப்பல் ஏறியவர். கடையில் கணக்குப் பிள்ளையாகச் சேர வந்தவர். அம்மா வழித் தாத்தா கங்காணியோடு வந்தவர், டிக்கெட் இலவசம். கல்யாண வீட்டில் பேச்சு முற்றினால் அப்பா பக்கத்து அத்தை, "நாங்க சொந்தக் காசுல வந்தவங்க. சும்மா டிக்கெட்ல வந்து எறங்கல" என்பார். அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச மாட்டார்.

அன்றைய அரசாங்கப் பதிவுகளும் அத்தையைப் போலத்தான் மனிதர்களை இரண்டாகப் பிரித்தன: உதவி பெற்று வந்தவர்கள், உதவி பெறாமல் வந்தவர்கள். 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம், கப்பல் கட்டணம், தோட்டம்வரை ரயில் எல்லாம் அந்த நிதியிலிருந்து. அந்தக் கட்டணத்தைக் கடனாகத் தொழிலாளி தலையில் கட்டவில்லை. ஒப்பந்தக் கூலி முறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நிதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தோட்ட முதலாளிகள் கட்டினார்கள். எந்த அளவில்? தங்களிடம் வேலை செய்த இந்தியத் தொழிலாளிகளின் வேலை நாட்களை எண்ணி. தாத்தா வெட்டிய ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளி. அடுத்த கப்பலில் வந்தவருக்கான டிக்கெட், முந்தின கப்பலில் வந்தவர் உழைத்த நாட்களின் மேல் அளக்கப்பட்டது. இதைத்தான் அத்தை சும்மா டிக்கெட் என்றார்.

1938-இல் கூலியைக் குறைத்த தகராறில் இந்திய அரசு உதவி பெறும் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அப்பா வழித் தாத்தாவைப் போலச் சொந்தக் காசுக்காரர்கள்தான்.

இவ்வளவு சொன்னாலும் மானியத்தை நிறுத்துவது அநியாயம் என்று நான் வாதாடவில்லை. எல்லாருக்கும் ஒரே மலிவு விலை என்றிருந்தபோது பெரிய காடி வைத்திருப்பவருக்குத்தான் அதிகம் போனது. மாமா மாதத்துக்குப் பதினைந்து லிட்டர் ஊற்றினால் அதிகம். எங்கள் வரிசை வீட்டு முனையில் இருப்பவரின் காடி ஒரு தடவையில் அறுபது லிட்டர் குடிக்கும். அளவு வைத்தது, அட்டை கேட்டது எல்லாம் சரியான திசைதான். ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். குடியுரிமை என்பது போடுவதற்குச் சுலபமான கோடு. என் குறை அந்தக் கோட்டின் பெயரைப் பற்றியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை 'உண்மை விலை' என்று சொல்லும்போது, அங்கே நிற்பவர்கள் இதுவரை எதையும் தாங்காதவர்கள், யாரோ கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று ஆகிவிடுகிறது.

இன்னொன்று எனக்கே வசதியில்லாதது. பூடி95 அறிவிக்கப்பட்டபோது நானும் மகிழ்ந்தேன். "வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் எதுக்கு நம்ம சப்சிடி?" என்று பசியாறும் இடத்தில் யாரோ சொன்னபோது தலையாட்டினேன். அப்போது என் மனத்தில் இருந்தது ஜொகூரில் எண்ணெய் நிரப்பும் சிங்கப்பூர்க் காடி இல்லை. கெர்லிங் சாலையில் மாலை நேரம் சைக்கிளிலும் பழைய மோட்டாரிலும் போகிற வங்காளதேசத்து இளைஞர்கள். இன்றைக்குச் செம்பனைக் குலையை வெட்டி இறக்குவது அவர்களும் இந்தோனேசியர்களும்தான். மாமா வெட்டிய காட்டில்தான் வேலை செய்கிறார்கள். ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக ஊரில் நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி வருகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பழைய பதிவேட்டின் மொழியில் சொன்னால் முழுக்க முழுக்க உதவி பெறாமல் வந்தவர்கள். அத்தை பெருமைப்பட வேண்டிய ஆட்கள். இவர்கள் வெட்டிய குலையிலிருந்து வந்த எண்ணெய்தான் என் வீட்டு 2 வெள்ளி 50 காசு பாக்கெட்டில் இருக்கிறது. அதன் விலையில் அரசாங்கம் தாங்குவது ஒரு பங்கு. இன்னொரு பங்கை டாக்காவுக்கு அப்பால் எங்கோ ஓர் அம்மா வட்டி கட்டித் தாங்குகிறார்.

மாமாவிடம் சிவப்பு அட்டை இருந்ததால்தான் எனக்கு இது உறைத்தது. அவர் என் மாமாவாக இல்லாவிட்டால் உறைத்திருக்குமா? உறைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். மாமாவை மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டால் என் வருத்தம் தீர்ந்துவிடும் என்றால், நான் கேட்டது நியாயம் இல்லை, சொந்தக்காரருக்குச் சலுகை. இழுக்கத்தான் வேண்டும், எழுபது வருடம் தாமதம். ஆனால் அதோடு கேள்வி முடியாது. அதற்கு மேல் எப்படிக் கோடு போடுவது என்று எனக்குத் தெளிவான பதில் இல்லை.

'மானியமில்லாத' என்ற சொல்லில் இன்னொரு குழப்பமும் உண்டு. கொடுக்கப்படாததையும் வாங்காததையும் அது ஒன்றாகவே சொல்கிறது. அன்று கவுண்டரில் மாமாவுக்கு முதலில் நடந்தது முதலாவது: கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் இரண்டாவதுக்கு மாறிவிட்டார்: நான் நீட்டினேன், அவர் வாங்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ரசீதில் ஒரே விலைதான். அந்த ஒரு நிமிடத்தில் அவர் தன்னை எப்படித் தூக்கி நிறுத்திக்கொண்டார் என்பதை ரசீது சொல்லாது. ஆனால் அதை நான் ரொம்பக் கொண்டாடவும் விரும்பவில்லை. கிடைக்காதவர்கள் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிப் பழகிக்கொள்வது, கொடுக்க வேண்டியவர்களுக்கு மிகவும் சௌகரியம்.

போன மாதம் மறுபடி அவரோடு அதே ஸ்டேஷனுக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு வங்காளதேசத்துப் பையன். அவன் நீட்டிய பணத்துக்கு எதிர்பார்த்த அளவு எண்ணெய் வரவில்லை போலிருக்கிறது. கவுண்டரில் தயங்கி நின்றான். அந்தப் பெண் அதே இரண்டு சொற்களைச் சொன்னாள். அவனுக்குப் பிடிபடவில்லை. மாமா பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினார். தன்னையும் அவனையும் விரலால் மாறி மாறிக் காட்டி, "தன்பா சுப்சிடி, இத்து கீத்தா லா" என்றார். மலாயிலும் தமிழைப் போலவே 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. அவர் சொன்னது 'நாம்'. பையன் சிரித்துவிட்டுப் போனான். மாமா ஐந்து வெள்ளி நோட்டை வைத்தார். இந்தத் தடவை ஐசியை எடுக்கவே இல்லை.